பள்ளிக்கூடம் விட்ட பிறகு 3 மணி நேரம்!

அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்கள் பிற்பகல் 3 மணி வாக்கில் விட்டுவிடுகின்றன. தாய் தந்தை வேலை முடிந்து வீடு திரும்ப மாலை 6 மணி ஆகிவிடும்.

இந்த 3 மணி நேரம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? அவர்களுடைய உடல்நலம் பெரிதும் இதைப் பொறுத்து இருக்கிறது.

லத்தீனோக்கள் யார்?

மெக்சிகோ, கியூபா, எல் சால்வடார் போன்ற இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட அமெரிக்க மக்களை "லத்தீனோக்கள்" என்று அழைக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தைகளில் ஏறத்தாழ 4-ல் ஒருவர் லத்தீனோ. பெற்றோரில் பலர் வயலிலும், ஓட்டலிலும், கட்டிட வேலையிலும் உழைப்பவர்கள்.

இந்தப் பிள்ளைகளை உடல் பருமன் வாட்டுகிறது. 2017 முதல் 2020 மார்ச் வரை அமெரிக்க அரசு கணக்கு எடுத்தது. 2 முதல் 19 வயது வரை உள்ள லத்தீனோ பிள்ளைகளில் 100-க்கு 26 பேருக்கு உடல் பருமன் இருந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தால் 100-க்கு சுமார் 20 பேர்தான். உடல் பருமன், சர்க்கரை நோயை இள வயதிலேயே அழைத்து வந்துவிடும்.

இது பெற்றோரின் குற்றமா? இல்லை! வீட்டில் ஆள் இல்லை. விளையாடப் பத்திரமான இடம் இல்லை. பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து இனிப்புப் பானம் குடிக்கிறது.

மாலை நேர மையங்கள்

இதற்கு மருந்து, மாலை நேர மையங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கேயே தங்கலாம். வீட்டுப் பாடம் எழுதலாம், ஓடி விளையாடலாம். தினமும் 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

உணவும் உண்டு. ஏழைகள் மிகுந்த பகுதிகளில், மையங்களில் இரவுச் சாப்பாடு கொடுக்க 2010-ம் ஆண்டுச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் வழி செய்தது. பால், பழம், காய்கறி எல்லாம் அதில் இருக்கும்.

ஆனால் வெறும் கட்டிடம் போதாது. அங்கேயும் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைத்தால் பயன் இல்லை. ஸ்பானிய மொழி தெரிந்த ஆசிரியர் வேண்டும். அப்போதுதான் தாய்மார்களுடன் மனம் விட்டுப் பேச முடியும். பாட்டி சமைக்கும் பீன்சும், சோள ரொட்டியும் நல்ல உணவே என்று எடுத்துச் சொல்ல முடியும்.

பணம் நின்றால்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேயர் டாம் பிராட்லி 1988-ல் இத்தகைய மையங்களைத் தொடங்கினார். 2002-ல் நடிகர் அர்னால்டு சுவார்ஸ்நெகர் முன்னின்று ஆதரவு திரட்டினார். கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, மையங்களுக்கு மாநில அரசின் பணம் கிடைக்கச் செய்தார்கள்.

மத்திய அரசும் பணம் கொடுக்கிறது. ஆனால் 2025 ஜூலை 1-ந் தேதி வரவேண்டிய பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. பல மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. அந்த மாதமே பணம் விடுவிக்கப்பட்டது.

அந்தச் சில வாரங்கள் ஓர் உண்மையைக் காட்டின. மையத்தை மூடினால் மிச்சமாவது கொஞ்சம் பணம்தான். ஆனால் பிள்ளைகள் இழப்பது விளையாட்டு, நல்ல உணவு, பாதுகாப்பு ஆகிய மூன்றும்!