கடலை மசிய மறுத்தால்

மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியோர் ருசியாகப் பேசும் ‘ஹும்முஸ்’ வேறொன்றுமல்ல. அரபியில் அச்சொல்லுக்குப் பொருளே கடலைதான். பெரகலயில் அது மசியவில்லையென்று கடைக்காரரை நோகாதீர்கள். மலை ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மேலே ஹப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகைதான். விறகு தீரும், கடலை வேகாது!

பிரஷர் குக்கர் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர்கள் 250 கிராம் கடலையை இரவே ஊறவைத்து, அவிக்கையில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா இடுங்கள், தோல் நெகிழும். தேசிக்காய்ப் புளியை முன்கூட்டி விட்டால் கடலை விறைக்கும்; அரைத்த பிறகே அது. விரலிடுக்கில் குழைந்ததும் சூட்டோடு அரையுங்கள், அம்மியானாலும் சரியே. இறுகினால் அவித்த நீரையே விடுங்கள், எண்ணெயை வீணாக்காதீர்கள். பல்லில்லாத உம்மும்மாவுக்கென்றால் தோலையும் கழற்றிவிடுங்கள். இறைச்சி மெல்ல முடியாதவருக்கு இதுவே நல்ல புரதம்.