கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குக் கவுண்டரையும் காட்டுங்கள்



"கம்ப்யூட்டர் எடுக்கலை அம்மா, நாங்க என்ன செய்ய?" ரயில்வே கவுண்டரில் உட்காரும் நாம் இதை எத்தனை முறை சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. சொன்ன கையோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டு விடுகிறோம். அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

நம் மக்களுக்குப் பெயர் உண்டு, தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் பெரும்பாலோருக்கு இதுதான் நிலை. கம்ப்யூட்டர் படிவத்திலோ 'சர்நேம்' என்று ஒரு கட்டம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. ஓரிடத்தில் அப்பா பெயரைப் போடுகிறார்கள், இன்னோரிடத்தில் ஒற்றை எழுத்தைப் போடுகிறார்கள். ஆதாரில் ஒரு முருகன், பான் அட்டையில் வேறொரு முருகன். முப்பது வருடம் உழைத்தவரின் பி.எஃப். மனு 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருகிறது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவன் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கும், கெட்ட எண்ணம் ஏதுமில்லாத ஒரு பையன். இப்படியும் பெயர் வைக்கும் மக்கள் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் இன்று நம் வீட்டிலேயே வளர்கிறான். தோல் பட்டறையிலும் இட்லிக் கூடையிலும் சம்பாதித்த காசில் நம் பிள்ளைகள் பி.சி.ஏ.வும் இன்ஜினீயரிங்கும் படிக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அவர்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? 2018-இல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் அரசியல் சட்டம் கட்டாயப் பாடம்தான். ஆனால் கிரெடிட் இல்லை. கிரெடிட் இல்லாத வகுப்பில் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கல்லூரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "அது வேலைக்கு உதவாது, புரோகிராமைப் படி" என்று வீட்டில் சொல்வது நாம்தானே!

வேலைக்கு உதவுமா உதவாதா என்பதற்கு இங்கிலாந்துத் தபால் துறையின் கதை ஒன்று போதும். 1999 முதல் அங்கே 'ஹொரைசன்' என்ற கணக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். செய்து கொடுத்தது ஃபுஜித்சு. சின்னச் சின்னத் தபால் நிலையங்களைக் குத்தகை போல நடத்துபவர்கள் இரவில் கணக்கு முடிக்கும்போது, இல்லாத பற்றாக்குறையை அது காட்டியது. உதவிக்குப் போன் செய்தால், உங்கள் ஒருவருக்குத்தான் இந்தப் பிரச்சினை என்ற பதில் பலருக்கும் கிடைத்தது. கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள், வீட்டை விற்றார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். 2010-இல் ஒரு கர்ப்பிணிப் பெண் சிறைக்குப் போனார். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. தவறு என்று நிரூபிக்கும் பாரம் ஏழையின் தலையில். 2019-இல்தான் ஐகோர்ட், கோளாறு இயந்திரத்தில் இருந்தது என்றது. 2024-இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்துசெய்தது.

கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலே வியர்த்துப்போகும் குமாஸ்தாக்களான நமக்கு இதைப் படித்தபோது தூக்கம் வரவில்லை. உள்ளே பிழை இருப்பது தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியிலேயே இருந்தார்கள். தெரிந்ததை உரக்கச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை போகுமா, போனால் யார் துணை நிற்பார்கள் - இவையெல்லாம் பாடம் இல்லையா? கணக்குப் பாடத்துக்குச் சமமாக மதிப்பெண் போட்டுச் சொல்லித் தர வேண்டிய பாடம் என்பதே நம் கருத்து.

நம் ஊர் உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 2021 மே 1 முதல் 18 - 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி என்றார்கள். இணையத்தில் பதிவு செய்தால்தான் ஊசி. பக்கமோ ஆங்கிலத்தில்! அந்த மாதக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் கேள்வி எழுப்பியது. ஜூனில்தான் தமிழ் உள்ளிட்ட மொழிகள் வந்தன. இடையில் ஒரு மாதம், கையில் போன் இல்லாதவன் என்ன செய்தான் என்பதை மாணவர்கள் விசாரித்து எழுதட்டுமே.

இதைச் சொன்னால் 'கம்ப்யூட்டருக்கு விரோதி' என்று நம்மைப் பேசுவார்கள். 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் காவல் நின்றார்கள். அவர்கள் கேட்டது வேலை போகுமே என்ற நியாயமான கேள்வி. கவுண்டருக்கு வெளியே நிற்பவன் கதி என்ன என்பதைத் தொழிற்சங்கத்தார் நாமும் அன்று போதுமான அளவு கேட்கவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்து டிக்கெட் வாங்கிய காலத்தை நாம் மீண்டும் கேட்கவில்லை.

கல்லூரி முதல்வர்களுக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் தயாராகிறது. மாணவர்களை ஒரு நாளாவது ரேஷன் கடை வரிசையிலும், பி.எஃப். அலுவலக வாசலிலும் நிற்க வைத்து அறிக்கை எழுதச் சொல்லுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க அறையில் படிவம் நிரப்பும் மேசை போடுகிறோம். கம்ப்யூட்டர் படிக்கும் உங்கள் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். முதல் இரண்டு வாரம் அவர்கள் எதையும் நிரப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் யார் நின்றுபோகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும்.