வேலி யாருக்கு? வாசல் யாருக்கு?

காலையில் செந்தோசாக் கடற்கரை; மாலையில் சூதாட்ட மாளிகை! இப்படிச் சிங்கப்பூர்ச் சுற்றுலா, விமான நிலையத்தை அடுத்த அவனியாபுரத்துத் தொழிலாளத் தோழனுக்கும் ஆசை காட்டுகிறது. தவணையிலும் பணம் கட்டலாமாம்!

கடல் கடந்து போவதை நாம் குறை கூறவில்லை. உலகம் சுற்றுவது உள்ளவனுக்கு மட்டுமே எழுதிவைத்த உரிமையா? அல்ல! உழைப்பவனும் போகட்டும். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்றாக வீற்றிருக்கும் சிறப்பைக் கண்டு களிக்கட்டும்!

ஆனால், மாளிகையின் சூட்சுமத்தை அறிந்து போகட்டும். 2010-ல் அங்கே இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. சொந்தக் குடிமகன் நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி. 2019-ல் அது 150 வெள்ளி ஆயிற்று. வெளிநாட்டுப் பயணிக்கோ கட்டணமே இல்லை! குடும்பத்தார் முறையிட்டால் சூதாடியைத் தடுக்கவும் அங்கே வழி உண்டு. தன் வீட்டுப் பிள்ளைக்கு வேலி; அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அகன்ற வாசல்!

ஏன் இந்த வேலி? கணக்கைப் பாருங்கள். ஒற்றைப் பூஜ்யச் சுழல் சக்கரத்தில் 37 எண்கள். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தாலும் திரும்பி வருவது 36 தான்! சுழலச் சுழல மாளிகை கொழுக்கும், மடி காலியாகும்.

இணையவழிச் சூதால் இங்கே உயிர்கள் பறிபோயின. 2022-ல் நம் சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றிற்று. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023-ல் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஒப்புதல் வந்தது. போராடிப் போட்ட வேலியை விமானச் சீட்டு வாங்கித் தாண்டுவதா?

பொங்கலன்று அவனியாபுரத்து வாடிவாசலில் காளையை எதிர்கொள்பவனுக்கு வீரம் துணை நிற்கும். சூதாட்ட மேசையில் எந்த வீரமும் துணை நிற்காது.

கடலைக் காண்பீர், தோழர்களே! கூலிப் பணத்தைக் காப்பீர்!