எண்ணிப் பார்ப்போம்: முதலிடம் எத்தனை நாள்?



சென்ற திங்கள் விஜயபுரத்தில் நம் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்த நேரம். நகரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த நெசவாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய இளைய மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கிறாள். எல்லையோரத்துக் கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவளும் தோழியர் இருவரும் புறப்பட ஆயத்தமாக இருக்கிறார்கள்.

"தம்பி, நீ நாலு பத்திரிகை படிக்கிறவன். இந்தக் கைப்பேசிக் கம்பெனிகளில் இன்றைக்கு முதலில் நிற்கிறவன் நாளைக்கும் நிற்பானா? அதை மட்டும் சொல்லு. பெண்ணை அனுப்புவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்" என்றார் அவர்.

அங்கேயே விடை கூற என்னால் இயலவில்லை. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கு வாணிக உலகின் நெளிவு சுளிவுகள் எவ்வளவு தெரிந்துவிடும்? ஆயினும் அவர் கேட்டது அவர் ஒருவரின் கேள்வி அன்று. பிழைப்பை நாடி இப்பகுதிகளுக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று எழுந்துள்ள கேள்வி அது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்கினேன்.

முதலில், முதலிடத்தில் இருந்தவர் யார், எத்தனை நாள் இருந்தார் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் முதல் செல்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அவர் கையிலிருந்த கருவி நோக்கியா. அன்று தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் 'கைப்பேசி' என்பதற்கு மறுபெயரே நோக்கியா என்று இருந்தது. 2003இல் வந்த அதன் 1100 என்ற சிறு கருவியைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தூசி புகாத விசைகளும், மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களுக்கென்றே வைத்த சிறு விளக்கும் கொண்ட அக்கருவி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. நாட்டில் விற்கும் கைப்பேசிகளில் பாதிக்கு மேல் நோக்கியாவாக இருந்த காலமும் உண்டு.

அந்நிறுவனம் 2006இல் திருப்பெரும்புதூரில் பெரிய ஆலை ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 8,000 பேருக்கு அது நேரே வேலை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரும் இளம்பெண்களுமே. பின்னர் நிகழ்ந்ததை நாமறிவோம். தொடுதிரைக் கருவிகளின் காலம் வந்தது. நோக்கியா அதற்குப் பிந்தி விழித்தது. 2011இல் ஆண்ட்ராய்டை விட்டு விண்டோஸ் மென்பொருளைத் தேர்ந்துகொண்டது. மக்கள் அதை ஏற்கவில்லை. 2014 ஏப்ரலில் அதன் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறிற்று. வரி வழக்கொன்றில் சொத்து முடக்கப்பட்டிருந்தமையால் திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அங்கே உற்பத்தி நின்றது. அதற்கு முன்னரே தொழிலாளரில் பெரும்பகுதியினர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தனர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அச்சொல்லின் கொடுமையை என்னென்பது!

நோக்கியா இறங்கிய இடத்தில் சாம்சங் ஏறியது. 2014இல் நம் நாட்டு மைக்ரோமாக்ஸ் சாம்சங்கையே முந்திவிட்டது என்று ஒரு கணக்குக் கூறிற்று. ஆனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து 4ஜி சேவையை மலிவாக்கியது. மூன்றாம் தலைமுறைக் கருவிகளைப் பெரிதும் நம்பியிருந்த மைக்ரோமாக்ஸ் அந்த வெள்ளத்தில் நிற்க முடியாமல் போயிற்று.

அந்நேரத்தில் வந்தவர்தாம் நம் பகுதிக்கு நெருங்கியவர். சீனத்துச் சியோமி 2014 ஜூலையில் இந்தியச் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் கடையில்லை, பெரும் விளம்பரமில்லை. இணையத்தின் வழியே விற்பனை. மறு ஆண்டு, 2015 ஆகஸ்டு 10ஆம் நாள், இந்தியாவில் செய்த தன் முதல் கைப்பேசியை அந்நிறுவனம் விசாகப்பட்டினத்தில் வெளியிட்டது. விலை ரூ. 6,999. அதைச் செய்தது நம் ஸ்ரீ சிட்டியில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலை. சத்தியவேடு, தடா வட்டாரங்களின் வயல்களும் மேடுகளும் அங்ஙனம் உலகச் சந்தையின் வாசலாயின. 2017ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் சியோமி சாம்சங்கை முந்தி முதலிடம் பிடித்தது. 2018இல் நாட்டில் விற்ற திறன்பேசிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 அதனுடையவை.

அதுவும் நிலைக்கவில்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் சாம்சங் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. 2024இல் விவோ முந்தியது. அதன் பங்கு நூற்றுக்கு 17கூட இல்லை. முதலிடம் கைமாறியதோடன்றி, முதல்வரின் பங்கும் 2024 வரை சிறுத்துக்கொண்டே வந்தது. இதனை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது ஏன் இப்படி நிகழ்கிறது?

முதற்காரணம் விலை. மலிவாக விற்று மேலே வந்தவரை, இன்னும் சிறிது மலிவாக விற்பவர் கீழே தள்ளலாம். கருவிகளின் விற்பனையில் நிகர இலாபம் நூற்றுக்கு 5க்கு மேல் போகாது என்று சியோமி 2018இல் உலகறிய உறுதி கூறியது. வாங்குவோருக்கு அது நற்செய்தியே. ஆனால் அவ்வளவு மெலிந்த இலாபத்தில் நிற்பவருக்கு ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும் கொழுப்பு உடம்பில் இராது.

இரண்டாவது காரணம் வேலியின்மை. சியோமி, விவோ, ஓப்போ, சாம்சங் ஆகிய அனைத்தும் கூகிளின் ஆண்ட்ராய்டு மென்பொருளிலேயே ஓடுகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை வாங்குபவர் தம் எண்களையும் படங்களையும் சிறிது நேரத்தில் புதியதற்கு மாற்றிக்கொள்கிறார். பயணச்சீட்டு வாங்க வருவோர் வரிசை குறைவாக உள்ள சாளரத்தைப் பார்த்துப் போவது போன்றதே இதுவும். எந்தச் சாளரத்தில் வாங்கினாலும் ஏறுகிற வண்டி ஒன்றுதானே!

மூன்றாவது காரணம் காலத்தின் திருப்பம். 4ஜி ஒருவரைத் தள்ளி மற்றொருவரைத் தூக்கியது. 2022 அக்டோபரில் 5ஜி வந்தபின் மக்கள் சற்று விலை கூடிய கருவிகளை நாடலாயினர். சிற்றூர்க் கடைகளில் வேரூன்றியிருந்த நிறுவனங்கள் பயன்பெற்றன. மலிவுக்கும் இணைய விற்பனைக்கும் பெயர் பெற்றவர் பின்தங்கினார். இவற்றோடு அரசாங்க வழக்கும் சேர்வதுண்டு. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை சியோமியின் ரூ. 5,551 கோடியை முடக்கியது. உரிமைத்தொகை என்ற பெயரில் பணம் வெளிநாடு சென்றது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. இச்சந்தையிலோ தரையே வழுக்குத் தரை.

அப்படியானால் எவரும் நிற்கவே மாட்டாரா? நிற்பார் சிலர் உண்டு. ஆப்பிள் தன் கருவிக்கு வேண்டிய மென்பொருளைத் தானே ஆக்கி, வேறெவருக்கும் கொடுப்பதில்லை. அதில் பழகியவர் வெளியேறத் தயங்குகிறார். அதனால்தான் 2024இல் நம் நாட்டில் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாத அந்நிறுவனம், பண மதிப்பில் முன்வரிசையில் நின்றது. சாம்சங் திரையையும் நினைவகச் சில்லையும் தானே செய்கிறது. போட்டியாளருக்கும் அவற்றை விற்கிறது. ஆகவே அது விழுந்தாலும் எழுகிறது. ஆனால் அச்சாம்சங்குக்கே சீனத்தில் நேர்ந்ததைப் பாருங்கள். 2013இல் அங்கே விற்ற திறன்பேசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதனுடையது. ஐந்தே ஆண்டுகளில் அப்பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயிற்று. 2019இல் சீனத்திலிருந்த தன் கடைசிக் கைப்பேசி ஆலையையும் அது மூடிவிட்டது.

ஆகவே நெசவாளர் ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுதான்: எண்ணிக்கையில் முதலிடம் என்பதை எவரும் நெடுநாள் காக்க முடியாது. மென்பொருளையோ முதன்மை உறுப்புகளையோ தமக்கெனச் சொந்தமாக வைத்திருப்பவர் ஓரளவு காலம் தாக்குப்பிடிப்பார். விலை ஒன்றையே நம்பியவர் ஐந்து ஆறு ஆண்டுகளுக்குள் இடம் மாறுவார்.

ஆனால் இவ்விடையை எழுதி முடித்தபோது, அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றியது. நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் ஊர்களில் விசைத்தறி ஓசை கேட்டு வளர்ந்தவர்க்குக் கூலி நெசவு என்றால் தெரியும். முதலாளி பாவும் ஊடைநூலும் தருகிறார். நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். துணியில் முதலாளியின் முத்திரை விழுகிறது. ஃபாக்ஸ்கான் செய்வதும் கூலி நெசவே, அளவுதான் பெரிது. நோக்கியாவின் வேலை குறைந்தபோது திருப்பெரும்புதூரிலிருந்த தன் ஆலையை அது 2014 டிசம்பரில் நிறுத்தியது. பின்னர் அதே பகுதியில் 2019 முதல் ஐபோன்களைச் செய்யலாயிற்று. மூடிக்கிடந்த நோக்கியா ஆலையையும் 2019இல் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கிற்று. மின்னேற்றிகள் செய்வது அதன் தொழில். பெட்டியின் மேலுள்ள பெயர் மாறியது. ஊருக்கு வேலை திரும்பியது. ஆனால் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள்? அவை எந்த நிறுவனத்தின் கணக்கிலும் எழுதப்படவில்லை. அடுப்படியில் நின்ற குடும்பத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டன.

எனவே, முதலிடம் யாருக்கு என்று கேட்பதை விட்டு, மூன்று செய்திகளை விசாரித்தல் நலம். வேலைக்கான ஆணையில் கையெழுத்திடுபவர் ஆலைக்காரரா, ஆள் தரும் ஒப்பந்தக்காரரா என்பது முதலாவது. வருங்கால வைப்பு நிதியும் அரசு மருத்துவக் காப்பீடும் பிடிக்கிறார்களா என்பது இரண்டாவது. வைப்பு நிதிக்குரிய 12 இலக்க எண் வேலை மாறினாலும் மாறாது. அதை வீட்டிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதே முதன்மையானது: அங்கே பெண் கற்றுக்கொள்வது என்ன? நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்குவது மட்டுமா, அன்றிச் சோதனைப் பொறியையும் பழுது நீக்குதலையும் பழகும் வாய்ப்பு உண்டா?

இவற்றையெல்லாம் சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் சிரித்தார்.

"தறியில் நாங்கள் பார்க்காததா, தம்பி? வேட்டி போனபோது லுங்கி நெய்தோம். ஒரு முதலாளி போனால் இன்னொரு முதலாளி வந்தார். ஆனால் ஒன்று. தறி எங்கள் வீட்டில் இருந்தது. வேலை நின்ற நாளிலும் அது என் தறிதான். அவள் அங்கே தொடுகிற பொறி எதுவும் அவளுடையது இல்லையே?"

இதற்கு நான் படித்த பத்திரிகைகளில் விடை இல்லை. சிறிது நேரம் கழித்து, "அப்படியானால் அவள் கையோடு கொண்டுவரக் கூடியது படிப்பு ஒன்றுதான், ஐயா" என்றேன்.

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பெண் வெளியே வந்தாள். "அண்ணா, வேலைக்குப் போய்க்கொண்டே பட்டயப் படிப்பு எழுத முடியுமா?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாக வாக்களித்துத் திரும்பினேன். அத்தகைய படிப்பை வேலையோடு முடித்த பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் இருந்தால், அவர்கள் அனுபவத்தை எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன். அடுத்த இதழில் வெளியிடலாம். அப்பெண்ணும் தோழியரும் புறப்பட இன்னும் ஒரு திங்கள் இருக்கிறது.