இடம் மாறினால் சுழியம் பாருங்கள்



மிதிவண்டி ஓட்டுபவரின் உழைப்பை வாட் கணக்கில் காட்டும் கருவியைக் கடைகளில் 'பவர் மீட்டர்' என்கிறார்கள். தமிழில் திறன்மானி எனலாம். செருமனியில் உல்ரிக் சோபரர் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் வழியாகப் பந்தய வீரர்களிடம் பரவிய கருவி இது. அசிசுல்ஹஸ்னி அவாங் 2016இல் ரியோவில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றதைக் கண்ட நம் பிள்ளைகள் மிதிவண்டிப் பந்தயத்தில் ஆசை கொள்வது இயல்பு. ஆசை கொண்ட பிள்ளைக்குத் திறன்மானி வாங்கித் தரும் பெற்றோரும் உண்டு.

வாங்கித் தருவதில் குற்றமில்லை. ஒரு வண்டியிலிருந்து கழற்றி மற்றொரு வண்டியில் பூட்டிய பின்னர், சரிபார்க்காமலே அது காட்டும் எண்ணைக் கொண்டு பிள்ளையை மதிப்பிடுவதுதான் குற்றம். சென்ற வாரம் 180 வாட் காட்டிய பிள்ளை இவ்வாரம் 165 காட்டினால், "சோம்பல் வந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மாறியது பிள்ளையா, கருவியா என்று யாரும் கேட்பதில்லை.

கருவி எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். மிதிக்கட்டையின் அச்சிலோ மிதித்தண்டிலோ திரிபுமானி ஒட்டப்பட்டிருக்கும். மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. திரிபுமானியின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து திருப்புவிசை கணக்கிடப்படுகிறது. திருப்புவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். கழற்றிப் பூட்டும்போது இறுக்கம் மாறுவதால், யாரும் மிதிக்காத நிலையிலேயே கருவி ஒரு சிறு விசையை உணரக்கூடும். இதுவே சுழிப் பிழை. இடைநிலைப்பள்ளி இயற்பியலில் பிள்ளைகள் படிக்கும் அதே சுழிப் பிழைதான்.

பிழை சிறியதுதானே எனலாம். 1 நியூட்டன் மீட்டர் சுழிப் பிழை, நிமிடத்திற்கு 90 சுற்று மிதிக்கும்போது ஏறத்தாழ 9 வாட் ஆகிறது. 60 சுற்று மிதிக்கும்போது 6 வாட் ஆகிறது. வேகத்திற்கேற்பப் பிழையும் மாறுவதால், "எப்போதும் 9 கழித்துக்கொள்வோம்" என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை.

ஆகவே கருவியை இடம் மாற்றியதும் செய்ய வேண்டியவை:

1. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குக. சற்று நேரம் அழுத்தி மிதித்து ஓட்டியபின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க.

2. குளிரூட்டிய அறையிலிருந்து பினாங்கு வெயிலுக்கு வந்த உலோகம் விரிவடையும். கால் மணி நேரமாவது வெளியே வைத்திருந்து, அதன் பின்னரே சுழியமாக்குக.

3. சுழியமாக்கும்போது மிதியின்மேல் கால் இருக்கலாகாது. மிதித்தண்டைக் கையேடு சொல்லும் நிலையில் நிறுத்துக.

4. மிதிக்கட்டை வகைக் கருவியாயின், மிதித்தண்டின் நீளத்தைப் புதிய வண்டிக்கேற்ப மாற்றுக. 165 மில்லிமீட்டர் தண்டில் பூட்டிவிட்டு 170 என்றே விட்டுவைத்தால், 200 வாட் உழைப்பு 206 வாட்டாகத் தெரியும். சில வகைகளுக்குப் பொருத்துகோணத்தையும் புதிதாகக் கற்பிக்க வேண்டும். 2013இல் வெளிவந்த கார்மின் வெக்டர் அத்தகையது.

5. சுழியமாக்கல் தொடக்கப்புள்ளியை மட்டுமே திருத்தும், அளவுகோலைத் திருத்தாது. அளவுகோலைச் சோதிக்க, மிதித்தண்டைக் கிடைமட்டமாக நிறுத்தி எடை தெரிந்த பொருளைத் தொங்கவிடுக. 170 மில்லிமீட்டர் தண்டில் 10 கிலோகிராம் தொங்கினால் திருப்புவிசை ஏறத்தாழ 16.7 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும்.

"எண் சரியாக இல்லாவிட்டாலும் போகட்டும்; நாள்தோறும் ஒரே மாதிரி காட்டினால் போதும்" என்று வாதிடுவோர் உண்டு. ஒரே வண்டியில் ஒரே இடத்தில் இருக்கும்வரை அவ்வாதத்தில் நியாயமுண்டு. இடம் மாறிய கணத்திலேயே அந்த 'ஒரே மாதிரி' முறிந்துவிடுகிறது. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கோலால் அளந்தவை அல்ல.

சௌராஸ்தா சந்தையில் மீன் நிறுக்கும் தராசுக்கு 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி முத்திரை வேண்டும். பிள்ளையின் உழைப்பை நிறுக்கும் கருவிக்கு அத்தகைய முத்திரை குத்துவார் யாருமில்லை. அதைப் பூட்டியவரே சோதகராகவும் இருக்க வேண்டும். அந்தச் சோதகர் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள் என்பதே என் கருத்து.

தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலை அதற்கு நல்ல ஆய்வுக்கூடம். பிள்ளையும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம். 100 மீட்டர் உயரத்தை 10 நிமிடத்தில் ஏறுவதாகக் கொள்வோம். 70ஐ 9.8ஆலும் 100ஆலும் பெருக்கி 600 வினாடியால் வகுத்தால் 114 வாட் வருகிறது. உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இதற்கு மேல். எனவே கருவி 114க்கும் குறைவாகக் காட்டினால் ஐயப்பட வேண்டியது பிள்ளையை அன்று, கருவியை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த பிள்ளைக்கு இக்கணக்கு எட்டும். தன் கையால் ஒருமுறை கணக்கிட்ட பிள்ளை, திரையில் மின்னும் எண்ணுக்கு அஞ்சாது. அதனிடம் கேள்வி கேட்கும்.

இதில் பள்ளிக்கும் ஒரு பாடம் உண்டு. 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வறையில் இருந்த அளவுகோலை வகுப்பறைக்கு இடம் மாற்றினோம். ஆனாலும் அண்ணன் பெற்ற '7 ஏ'வையும் தம்பி பெற்ற 'நிலை 4'ஐயும் அருகருகே வைத்துப் பேசும் வீடுகள் இருக்கின்றன. முன்னது ஒரு தேர்வின் புள்ளி. பின்னது ஆறு நிலைகள் கொண்ட வகுப்பறை மதிப்பீட்டின் ஒரு படி. இரண்டுக்கும் சுழியம் வேறு. இதை வீட்டுக்கு எடுத்துச்சொல்வது ஆசிரியராகிய நம் பொறுப்பு.

பெற்றோர்களே, மிதிவண்டியாயினும் மதிப்பெண் அறிக்கையாயினும், எண் குறைந்ததென்று பிள்ளையைக் கடிவதற்கு முன், அளக்கும் கருவி இடம் மாறியதா என்று ஒருமுறை கேளுங்கள். கருவியைத் திருத்தக் கால் மணி நேரம் போதும். தகாத சொல்லால் வாடிய பிள்ளையின் மனத்தைத் தேற்ற அவ்வளவு நேரம் போதாது.