போத்தலுக்குள் மாறும் சுவை: வேப் திரவமும் பிரித்தானியாவின் புதிய வரியும்

பிரித்தானியாவில் 2026 ஒக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிலீற்றர் வேப் திரவத்துக்கும் 2.20 பவுண் வரி அறவிடப்படும். வரி முத்திரை இல்லாத பழைய இருப்பை விற்றுத் தீர்க்க 2027 ஏப்ரல் 1 வரை அவகாசம் உண்டு. இலண்டனில் எங்கள் ஆட்கள் நடத்தும் மூலைக்கடைகள் பலவற்றில் இந்தத் திரவமும் விற்பனைக்கு இருக்கிறது. வரிக்கு முன்னர் வாங்கிச் சேர்ப்பதும், வீட்டில் கலப்பதும் கூடும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். விலை பற்றிய பேச்சில் ஒரு விடயம் காணாமல் போகிறது. சேர்த்து வைக்கும் திரவம் அதே திரவமாக இருப்பதில்லை.

பாவனையாளர்களுக்கு இது புதிதல்ல. கலந்த போத்தலைக் குலுக்கி, இருட்டான அலுமாரியில் சில கிழமைகள் ஊறவிடுவது அவர்களின் வழக்கம். அவசரக்காரர்கள் சுடுநீரில் வைப்பார்கள், மூடியைத் திறந்து காற்றுப்பட விடுவார்கள். வனிலா, கஸ்ரட் சுவைகள் இப்படித்தான் மெருகேறும் என்பார்கள். நிறமும் கபிலமாகும், நிக்கொட்டின் ஒட்சியேற்றமடைவது அதற்கு ஒரு காரணம். ஏறக்குறைய ஊறுகாய்ப் பக்குவம்தான், போய்ச் சேரும் இடம் மட்டும் நுரையீரல்.

ஐக்கிய அமெரிக்காவின் யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இந்த 'மெருகு' என்னவென்று காட்டியது. வனிலா, கறுவா, செர்ரி சுவைகளைத் தரும் அல்டிகைட்டுகள், திரவத்தின் அடிப்படையான புரொப்பிலீன் கிளைக்கோலுடன் தாமாகவே தாக்கமடைந்து அசற்றல் என்ற புதிய சேர்வைகளாகின்றன. சூடாக்கவே தேவையில்லை. சுவைப்பொருளில் 40 வீதத்துக்கும் மேல் இப்படி மாறக்கூடும். அதில் 50 முதல் 80 வீதம் வரை ஆவியுடன் உள்ளே போகிறது. சுவாசப் பாதையில் எரிச்சலை உணரும் வாங்கிகளை இவை மூலப்பொருளைவிடக் கூடுதலாகத் தூண்டுவதாகவும் கண்டார்கள். போத்தல் லேபலில் இந்தப் பெயர்கள் இல்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வெண்ணெய்ச் சுவை தரும் டைஅசற்றைல். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பொப்கோர்ன் தொழிற்சாலையொன்றின் தொழிலாளர்களுக்கு ஏற்பட்ட நுரையீரல் நோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட பொருள் அது. நிக்கொட்டின் உள்ள வேப் திரவத்தில் அதைச் சேர்க்கப் பிரித்தானியாவில் தடை. வேப் பிடித்தவர்களுக்கு அதே நோய் வந்ததாக அங்கே உறுதிப்படுத்தப்பட்ட சம்பவம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால், அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அசற்றோயின் போத்தலில் இருக்கும்போதே டைஅசற்றைலாக மாறுகிறது என்று 2019 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நிக்கொட்டின் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான். 2016 ஒழுங்குவிதிகளின்படி, நிக்கொட்டின் திரவத்தின் உள்ளடக்கத்தையும் ஆவியையும் பற்றிய விபரங்களைச் சந்தைக்கு வர ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். போத்தல் 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. நிக்கொட்டின் இல்லாத திரவம் இதற்குள் அடங்காது. ஆகவே சுவைத்திரவம் பெரிய போத்தலிலும், நிக்கொட்டின் சின்னப் போத்தலிலுமாக விற்கப்படுகின்றன. கலப்பவர் வாடிக்கையாளர், இடம் அவருடைய குசினி மேசை.

சுவைகளைக் கட்டுப்படுத்த அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டமூலம் 2024 நவம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. எந்தச் சுவைக்குத் தடை என்பதோடு, ஆறு மாதம் அலுமாரியில் இருந்த கலவையையும் பரிசோதிக்கச் சொல்லவேண்டும், தயாரித்த திகதியைப் போத்தலில் அச்சிட வைக்கவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, மலிவென்று பெட்டி பெட்டியாக இறக்க நினைக்கும் கடைக்காரர்கள் கஸ்ரட், வெண்ணெய்ச் சுவைகளையாவது சேர்த்து வைக்காமல் விடலாம்.