எந்தத் தெருவில் இருக்கிறது உங்கள் நூலகம்?

ஆகஸ்ட் 12 வந்தால் போதும், மாலையும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். தேசிய நூலகர் நாள். எஸ். ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை, சந்தனம், வந்தவர்களுக்கு பிஸ்கட், காபி. நூலக அறிவியலின் ஐந்து விதிகளை ஒருவர் ஒப்பிப்பார். 'இந்திய நூலக இயலின் தந்தை' என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். நம் நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு தந்தை வேண்டுமே!

ரங்கநாதனின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அடுக்கி வைத்துப் பூட்டுவதற்கில்லை புத்தகம் என்றார். 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1931இல் ஐந்து விதிகள் பற்றிய நூல், 1933இல் கோலன் பகுப்புமுறை, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சேரியில் இருப்பவனும் கட்டுகிறான். ஒரு வாசகரைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதுதான் இரண்டாவது விதியின் சாரம். ஏழை பணக்காரன், ஆண் பெண், பட்டணம் பட்டிக்காடு என்று பிரித்துப் பிரித்து அதை அவர் விளக்கியிருக்கிறார். சரி. நம் கேள்வி அவருக்கு மாலை போடுகிறவர்களிடம்.

1931இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் கிளம்பியதை மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா. பண்ணையாள் முறை கொடிகட்டிப் பறந்த காலம். சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த மண். அந்த வழியாக வண்டி நிறையப் புத்தகம் போகிறது. வண்டி எந்தத் தெருமுனையில் நின்றது? அக்கிரகாரத்திலா, குடியானத் தெருவிலா? பறத்தெருவுக்குள்ளே சக்கரம் உருண்டதா? வண்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் தெருவைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

தெரு என்பது சின்ன விஷயமா? ரங்கநாதன் நூலகர் நாற்காலியில் உட்கார்ந்த அதே 1924இல், அதே சென்னையில், இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும், பொது அலுவலகத்துக்குள் நுழையவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்ற தீர்மானம். நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த நாட்டில் நூலகத்துக்கு எந்த வழியாக நடந்து போவது? நூலக இயக்க வரலாறு எழுதுகிற யாரும் சீனிவாசன் பெயரை அதில் சேர்ப்பதில்லை. நம் கணக்கில், இங்கே நூலகக் கதவைத் தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

'லைப்ரரில எங்கய்யா சாதி இருக்கு? வரக்கூடாதுன்னு போர்டா மாட்டியிருக்கு?' என்பார்கள். போர்டு இல்லைதான். நம் ஊர்க்காரன் கெட்டிக்காரன், போர்டு மாட்ட மாட்டான். வெளிப்படையாக எழுதிவைத்துத் தடுத்த நாடு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்ததைப் பார்த்தால் இங்கே எழுதாமல் நடப்பது விளங்கும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிளிண்டன் என்று ஒரு சிற்றூர். 1964 மார்ச் 7. ஐந்து கறுப்பர்கள் ஆடுபான் வட்டார நூலகத்துக்குள் போகிறார்கள். ஹென்றி பிரவுன் என்பவர், ஆர்னா போன்டெம்ப்ஸ் எழுதிய நீக்ரோக்களின் கதையைக் கேட்கிறார். இங்கே இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்கிறார் அங்கிருந்த அம்மா. பிரவுன் ஒரு நாற்காலியில் உட்காருகிறார். மற்ற நால்வரும் பக்கத்தில் நிற்கிறார்கள். பேச்சில்லை, சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் ஷெரிப் வந்து ஐந்து பேரையும் கைது செய்கிறார். என்ன குற்றம்? அமைதியைக் குலைத்தது! வாயே திறக்காமல் அமைதியைக் குலைப்பது எப்படி என்று அந்த வெள்ளைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த நூலகத்துக்கு இரண்டு புத்தக வண்டிகள். சிவப்பு வண்டி வெள்ளையருக்கு, நீல வண்டி கறுப்பருக்கு. கறுப்பரின் உறுப்பினர் அட்டையில் 'நீக்ரோ' என்று முத்திரை. இதெல்லாம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கேட்ட புத்தகம் பிற்பாடு பிரவுனுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. தபாலில் திருப்பி அனுப்பலாம், அல்லது நீல வண்டியில் கொடுக்கலாம் என்று கூடவே குறிப்பு. வழக்கு நடந்து கைதாகி இரண்டு வருஷம் கழித்துத்தான், 1966இல், உச்ச நீதிமன்றம் ஐந்து பேரையும் விடுவித்தது. அதுவும் எப்படி? ஐந்து நீதிபதிகள் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். ஒருத்தர் மனசு மாறியிருந்தால் நூலகத்தில் சும்மா உட்கார்ந்ததே குற்றமென்று நிலைத்திருக்கும்.

அந்தப் புத்தகத்தை எழுதிய போன்டெம்ப்ஸ் யார் தெரியுமா? அவரே ஒரு நூலகர். 1902இல் அதே லூசியானாவில் பிறந்தவர். கவிஞர், நாவலாசிரியர், பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது வயதில் நூலகப் படிப்பை முடித்து, நாஷ்வில் நகரத்தில் கறுப்பின மாணவர்களுக்கான பிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1943 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை நூலகராக இருந்தார். அவர் பிறந்த மண்ணின் நூலகத்தில் அவர் புத்தகம் இல்லை. கேட்டவர் கைதானார்.

இதற்கும் முன்னால், 1939 ஆகஸ்ட் 21இல், வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரத்தில் ஐந்து கறுப்பு இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக நகர நூலகத்துக்குள் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். முடியாது என்றதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் வந்தது. இதைத் திட்டமிட்டவர் சாமுவேல் வில்பர்ட் டக்கர், 26 வயது வக்கீல். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல் தானே படித்து வக்கீலானவர். நகராட்சி என்ன செய்தது? அவசர அவசரமாக 1940இல் கறுப்பருக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிவிட்டது. இந்தா உனக்கு அட்டை, அங்கே போய்ப் படி! டக்கர் அந்த அட்டையை வாங்க மறுத்துக் கடிதம் எழுதினார். எனக்கு வேண்டியது இந்த நூலகத்து அட்டை என்றார்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். 'காலனிக்குத் தனியா ஒரு படிப்பகம் கட்டித் தந்துட்டோமே' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனி ரேஷன் கடை, இப்போது தனிப் படிப்பகம். கொடுக்கிறவன் பெருந்தன்மையாகத்தான் கொடுக்கிறான். வாங்குகிற நாமும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம். நம் தெருவில் நாமே நம் கைக்காசைப் போட்டு நடத்துகிற அம்பேத்கர் படிப்பகம் வேறு, நம்மைப் பொது நூலகத்துக்குள் விடாமலிருக்க அரசு கட்டித் தருகிற கட்டடம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவன் ஏமாற்றுகிறான்.

நூலகர் என்றால் சாது, எல்லாருக்கும் நல்லவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அட்டையில் முத்திரை குத்தியது யார்? நூலகர்தானே. மறுத்தவர்கள் மிகக் கொஞ்சம். ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில்லில் முப்பது வருஷம் நூலகராக இருந்த ரூத் பிரவுன் என்ற வெள்ளைக்காரப் பெண், கறுப்பரோடு சமமாகப் பழகினார், சமத்துவத்துக்காக வேலை செய்தார். 1950இல் கம்யூனிஸ்ட் பத்திரிகை வைத்திருந்தார் என்று சாக்குச் சொல்லி அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மான்ட்கோமரியில் ஜூலியட் மார்கன் பேருந்துப் புறக்கணிப்பை ஆதரித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய சொந்தச் சாதி, வெள்ளைச் சாதி, அவரை விரட்டிய விரட்டில் 1957இல் தற்கொலை செய்துகொண்டார். இப்போது அந்த ஊர் நூலகத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சங்கத்துக்குள் நின்று சண்டை போட்டவர் ஈ. ஜே. ஜோசி. ஜார்ஜியாவின் சவானா அரசுக் கல்லூரியில் நூலகர். கறுப்பர் என்பதால் அவருடைய மாநில நூலகச் சங்கமே அவரைச் சேர்க்கவில்லை. 1964இல் செயின்ட் லூயியில் அமெரிக்க நூலகச் சங்க மாநாடு. கறுப்பரைச் சேர்க்காத மிசிசிப்பி மாநிலச் சங்கத்துக்கு அங்கே பாராட்டு. ஜோசி எழுந்தார். கறுப்பரைச் சேர்க்காத மாநிலச் சங்கக் கூட்டங்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் போகக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. மறு வருஷம் ஜார்ஜியா சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1970இல் கறுப்பு நூலகர்களுக்கென்று அமைப்பு கட்டினார். பிறகு 1984இல் அந்த அமெரிக்க நூலகச் சங்கத்துக்கே தலைவரானார். நம் நூலகர் சங்கங்கள் ஊதிய உயர்வுக்கு, பதவி உயர்வுக்குத் தீர்மானம் போடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? சேரிப் பிள்ளைகள் உள்ளே வராத நூலகத்துக்கு விருது கொடுக்காதே என்று ஒரு தீர்மானத்தை அங்கே எழுந்து சொல்லப் போவது யார்?

கதவு திறந்ததும் தீர்ந்துவிடுமா? அலமாரி இருக்கிறதே! வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1930 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் டோரதி போர்ட்டர். டூயி பகுப்புமுறையில் கறுப்பர் எழுதியது எதுவானாலும் மற்ற நூலகங்கள் இரண்டே எண்ணில் போட்டுவிட்டதைப் பார்த்தார். 325 என்றால் குடியேற்றம். 326 என்றால் அடிமைமுறை. கறுப்புக் கவிஞன் காதலைப் பாடியிருந்தாலும் அடிமைமுறைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். போர்ட்டர் இதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். பார்த்தால் எண்ணை மாற்றிய வேலை. ஆனால் ஒரு இனத்தையே அடிமை என்ற தட்டிலிருந்து இறக்கிய வேலை அது.

இங்கே நான் பார்த்த ஒரு மாவட்ட நூலகத்தில் பாமாவின் 'கருக்கு' இலக்கியத்தில் இல்லை. 'தாழ்த்தப்பட்டோர் நலம்' என்று எழுதி ஒட்டிய தட்டில், அரசு உதவித்தொகைக் கையேடுகளோடு கிடந்தது. 1992இல் வெளிவந்து தமிழ் உரைநடையையே உலுக்கிய புத்தகம். நலத்திட்டமாம்! எம்.ஏ. தமிழ் படித்த திமிரில் நூலகரிடம் சண்டைக்குப் போனேன். 'மேலருந்து வந்த நம்பருங்க, நான் என்ன பண்றது' என்றார். அம்பேத்கர் தொகுதிகள் எங்கே என்று கேட்டதற்கு, 'குறிப்புதவி, கண்ணாடி பீரோவுல இருக்கு' என்றார். சாவி யாரிடமோ இருந்தது.

எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஊர்த்தெருவில், மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச்சாரியில். நாங்கள் போனால் முதல் கேள்வி, 'எந்தத் தெருப் புள்ள நீ?' அடுத்தது, பிணைக் கையெழுத்து. ஊரில் அந்தக் கையெழுத்துப் போடும் தகுதி உள்ள எவரும் ஊர்த்தெருக்காரர். அவர் திண்ணை முன்னால் போய் நிற்க எங்கள் அப்பா சம்மதிக்கவில்லை. மெம்பிஸ் நகரத்தில் ரிச்சர்ட் ரைட் ஒரு வெள்ளைக்காரரின் அட்டையை வாங்கி, அவர் எழுதியதுபோலப் பொய்ச் சீட்டு எழுதிக்கொண்டு போய்ப் புத்தகம் எடுத்த கதையை 1945இல் வந்த அவர் தன்வரலாற்றில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த யோசனை நமக்கு அப்போது தோன்றாமல் போச்சே!

2006இல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் என்றார்கள். நல்ல திட்டம். நான் சுற்றிய ஊர்களில் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கிறது. திறந்திருக்கிற ஒன்றில் நம் ஆள் ஒருவர் பொறுப்பாளர். காலையில் ஊர்த்தெருப் பெருசுகள் வந்து செய்தித்தாள் படிக்கிறார்கள். அவர் கொண்டுவந்து வைக்கிற குடத்துத் தண்ணீரைத் தொட மாட்டார்கள். பேப்பரை அவர் கையில் வாங்க மாட்டார்கள். மேசையில் வைத்துவிட்டு நகர வேண்டும். 1917இல் பரோடாவில் அம்பேத்கர் மேசைமீது பியூன்கள் கோப்பைத் தூக்கிப் போட்டார்களே, அதேதான். அந்தப் பரோடா எப்படிப்பட்ட ஊர்? 1910இலேயே அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, ராஜ்யம் முழுக்க நூலகம் திறந்த சாயாஜிராவின் தலைநகரம். அந்த ஊரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவருக்குப் படுக்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கியவரைப் பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள்.

நம்மிடம் நூலகர்களே இல்லையா? இருந்தார்கள். ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன் திருக்குறள், நாலடி நானூறு ஓலைச் சுவடிகளை எல்லீஸ் துரையிடம் கொடுத்தார் என்று பேரன் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் இருந்தவர் வீட்டுப் பரணில் சுவடி இருந்தது! 1907 முதல் 1914இல் சாகும்வரை பண்டிதர் நடத்திய 'தமிழன்' இதழை எந்தப் பெரிய நூலகமா நமக்காகப் பொத்திப் பொத்தி வைத்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வர முடிந்தது. இவர்கள் யாரும் ஆகஸ்ட் 12 படத்தில் இல்லை. சம்பளம் இல்லை, பட்டயம் இல்லை, பகுப்பு எண் இல்லை. கரையானோடும் மழையோடும் சண்டை போட்டதுதான் வேலை அனுபவம்.

இந்த வருஷம் எங்கள் வட்டத்தில் தோழர்கள் சேர்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டோம். மூன்றே கேள்வி. வட்டத்தில் உள்ள ஒவ்வொரு நூலகமும் எந்தத் தெருவில் இருக்கிறது? ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கிருந்து எத்தனை பேர் உறுப்பினர்? முதல் கேள்விக்குக் கதவு எண் வரைக்கும் பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும், 'அவ்வாறான பதிவேடு இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை'. மேல்முறையீடு செய்திருக்கிறோம். உங்கள் வட்டத்திலும் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.